கண்ணாடியில் நாலு விரல்

அத்தியாயம் 11

"ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு" என்று அண்ணி சொன்னாள். "சரி" என்றாள் மைக். அந்த ஒரே சொல்லைக் கேட்டு அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். போன வாரம் அவர்களை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

மைக் சண்டை போட்டிருந்தால் அண்ணி சமாளித்திருப்பாள். அழுதிருந்தால் கூடவே அழுதிருப்பாள். இந்த "சரி"யை என்ன செய்வது என்றுதான் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ரயில் நிலையத்தில் பதினாலு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். அதனால்தான் வீட்டில், தெருவில், பால் ஊற்றுகிறவரிடம்கூட அவளுக்கு மைக் என்று பெயர். ஐந்து மாதம் முன்பு அவளை நாலு நாள் ஓர் அறையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பூஜ்யத்திலிருந்து ஐம்பத்தொன்பது வரை எண்கள். எல்லா ஊர்களின் பெயர்கள். "தாமதமாக வரும்." "ரத்து செய்யப்படுகிறது." "வருந்துகிறோம்" என்பதை மட்டும் பதினோரு தடவை சொல்லவைத்தார்கள், ரொம்பச் சோகமாக இருக்கிறதாம். ஐந்தாம் நாள் ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து, இனிமேல் வரவேண்டாம் என்றார்கள்.

இப்போது அவளுடைய குரல் அவள் இல்லாமலே வேலைக்குப் போகிறது. நிலையத்துப் பக்கமிருந்து காற்றடித்தால் மாடி அறைக்குள்ளேயே வந்து, எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று அவளிடமே சொல்கிறது. முதல் வாரம் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சாத்தத் தோன்றவில்லை.

எதுவுமே தோன்றவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் உதடு இருக்கும், உதடு இருப்பது மட்டும் தெரியாது, இல்லையா? அவளுக்கு முழுசாகவே அப்படி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மைக் கட்டிலில் உட்கார்ந்து, யாரோ ஊருக்குப் போவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நீலப் புடவை வேணுமா, வேண்டாமா?"

"எது வேணும்னாலும் சரி."

"எது வேணும்னாலும் சரின்னா ரெண்டு செங்கல்லை வெச்சு அனுப்பிடறேன். சரியா?"

"சரி."

அண்ணி புடவையைக் கட்டிலில் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை. கிறுக்கலான மருந்துச்சீட்டைக்கூட ஒரு பார்வையில் படித்துவிடுவாள். இந்த முகத்தைத்தான் ஐந்து மாதமாகப் படிக்க முடியவில்லை.

"மைக்கு, நான் உன்னைத் துரத்தல. அது உனக்குப் புரியுதுல்ல?"

"புரியுது அண்ணி."

"உங்க பெரியக்கா வீட்டுல அமைதியா இருக்கும். வாசக்கதவை உள்ளே பூட்டிட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு ஈ காக்கா வராது. பூரண ஓய்வு வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்னு பெரியக்கா சொல்றாங்க."

இதைச் சொல்லும்போது அண்ணியின் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்த வீட்டுக்கு அவளும் போயிருக்கிறாள். மூன்றாம் நாளே தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு ஓடிவந்தவள் அவள்.

"உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கொடுத்திருக்கேன். இன்னிக்குக் கூட்டத்துல உன் பேர் போர்டுல ஏறிட்டா டிக்கெட்டை நானே கிழிச்சுப் போட்டுடறேன். ஏறலேன்னா பஸ்."

"சரி."

"தாயே, உன் சரிக்கு ஒரு சரி!" என்று அண்ணி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நீலப் புடவையைப் பெட்டியில் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை வெளியே எடுத்துக் கொடியில் திரும்பவும் போட்டாள்.

இந்தக் கூட்டம் பல் டாக்டரம்மா ஆரம்பித்தது. நாலு வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலை, அவருடைய ஆஸ்பத்திரி மாடியில் தெருக்காரர்கள் கூடுவார்கள். "பல்லைப் பிடுங்கறப்ப எல்லாரும் வாயைத் திறக்கறாங்க. நான் ஒண்ணும் பண்ணாதப்பவும் திறக்கட்டுமேன்னுதான்" என்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன்னால் என்ன முடியும் என்று யாரும் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அதிலும், "நல்லவங்க, வல்லவங்க" என்று சொல்லக் கூடாது. என்றைக்கு, எங்கே, கண்ணால் என்ன கண்டோம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். மீறி யாராவது "தங்கமான மனுஷன்" என்று ஆரம்பித்தால் டாக்டரம்மா டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டு வாங்கியவர்தான் அன்றைக்குக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்க வேண்டும்.

மூன்று பேர் கண்டதைச் சொன்னால் பெயர் போர்டில் ஏறும். பெயருக்கு எதிரே ஒரு பொறுப்பும் வரும். வாட்ச் ரிப்பேர் செய்கிற பெண் ஒருத்தி, ஊசிக்குப் பயந்து அலறிய குழந்தையின் கையில் ஒரு பல்சக்கரத்தைக் கொடுத்து அடக்கியதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். தன்னால் வாட்சைத் தவிர எதையும் சரிபண்ண முடியாது என்று நம்பியிருந்தவள், இன்று சனிக்கிழமைகளில் பன்னிரண்டு குழந்தைகளை மேய்க்கிறாள். ஒருவர் முதுகு இன்னொருவருக்குத்தான் தெரியும் என்பது போல.

இன்றைக்கு மைக்கின் முறை.

அண்ணன் கண்ணாடி பொருத்துகிறவன். ஜன்னல், அலமாரி, கடை முகப்பு எல்லாம். வேலையை முடித்துவிட்டு முகம் கழுவி, சட்டை மாற்றி, ஆஸ்பத்திரி மாடிக்கு அவளைக் கூட்டிப்போனான். வழியில் எட்டடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"பயமா இருக்கா?"

"இல்லை."

"எனக்கு இருக்கு" என்றான்.

மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். மைக்கை முன்னால் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். போர்டின் ஓரத்தில் அவள் பெயரைச் சாக்கட்டியால் எழுதி, எதிரே மூன்று சின்னக் கோடுகள் போட்டிருந்தது. அண்ணன் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தான்.

முதலில் தையல்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். கண்ணை மேலே கொண்டுபோய் மின்விசிறியில் நிறுத்தினார்.

"போன மாசம் பதினெட்டாம் தேதி. சாயங்காலம் அஞ்சரை மணி. மருந்துக்கடை வாசல். மழை பிடிச்சுக்கிட்டிருந்தது. ஒரு சின்னக் குழந்தை அம்மாவைக் காணாம அழுதுகிட்டிருந்தது. இவங்க அந்தக் குழந்தையோட உயரத்துக்குக் குனிஞ்சாங்க. 'பயப்படாதே கண்ணு, உங்கம்மா இந்த வழியாத்தான் வருவாங்க'ன்னு சொன்னாங்க. குழந்தை உடனே அழுகையை நிறுத்திடுச்சு. இதுதான் நான் கண்டது."

கைதட்டினார்கள். டாக்டரம்மா முதல் கோட்டின் மேல் ஒரு குறுக்குக்கோடு போட்டார்.

மைக் யோசித்தாள். போன மாதம் பதினெட்டாம் தேதியா? அந்த மாதம் அவள் மாடி அறையை விட்டு இறங்கியதே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் வெயில். யாருடைய கதையையோ தன் பெயரில் கேட்பது போல இருந்தது. அதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

அடுத்து சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். அவரும் தொண்டையைச் செருமினார். அவரும் மின்விசிறியைப் பார்த்தார்.

"போன மாசம் பதினெட்டாம் தேதி. சாயங்காலம் அஞ்சரை மணி. மருந்துக்கடை வாசல். மழை பிடிச்சுக்கிட்டிருந்தது..."

மைக் எதேச்சையாக மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அண்ணனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூட மேடையில் பிள்ளை பாட்டை மறந்துவிடுமோ என்று கீழே உட்கார்ந்து கூடவே பாடுகிற தகப்பனைப் போல, சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும்.

"...'பயப்படாதே கண்ணு, உங்கம்மா இந்த வழியாத்தான்...'"

"டாக்டரம்மா!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அறையே அதிர்ந்தது.

பூட்டுக்காரர். இருபத்தைந்து வயதில் வந்த காய்ச்சலில் காது போனவர். உதட்டசைவைப் பார்த்துத்தான் எல்லாம் புரிந்துகொள்வார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் ரகசியம் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். கூட்டத்துக்கு இது அவருக்கு மூன்றாவது தடவை.

"ஒரு சந்தேகம்" என்று முழங்கினார். "இது கூட்டுப் பிரார்த்தனையா? நாங்களும் கூடச் சேர்ந்து சொல்லணுமா?"

"என்ன சொல்றீங்க?" என்று டாக்டரம்மா அவர் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

"தையல்காரர் வாய் எப்படி அசைஞ்சுதோ அப்படியே சைக்கிள்காரர் வாயும் அசையுது. நடுவுல, அந்த ஜன்னல் கண்ணாடியில தெரியற கண்ணாடிக்காரர் வாயும் அசையுது. மூணும் ஒண்ணுதான். எனக்கு மட்டும் யாரும் சொல்லித்தரல."

அவர் கேலி பண்ணவில்லை. நிஜமாகவே கேட்டார். அதனால்தான் சிரிப்பு அவ்வளவு பலமாக வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது.

தையல்காரர் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் ஏதோ ஜன்னலின் நீள அகலம். மறுபக்கம் அண்ணனின் கையெழுத்து.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். "கண்ணாடிக்காரர் எழுதிக் கொடுத்தார். மாட்டேன்னு சொல்ல மனசு வரல."

"ரெண்டு பேருக்கும் ஒரே கதையையா கொடுப்பே?" என்று பக்கத்தில் யாரோ அண்ணனிடம் முணுமுணுத்தார்கள். "ஆளுக்கொண்ணு எழுதக்கூடாதா?"

"ரெண்டு பேர் ஒண்ணையே பார்த்தா சாட்சி பலமா இருக்கும்னு நினைச்சேன்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா தையல்காரர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு துணியை எடுத்து, குறுக்குக்கோடு விழுந்த கோட்டையும் மீதி இரண்டையும் துடைத்தார். கடைசியில் மைக்கின் பெயரையும்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா காணாததைக் கண்டேன்னு இங்க ஒரு தடவை ஒத்துக்கிட்டா, அப்புறம் அந்த வாட்ச்காரப் பொண்ணு தன் பேரைப் பார்த்து நம்பறதுக்கு என்ன இருக்கு? அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நாலு வாரம். அப்பப் பார்க்கலாம்."

நாலு வாரம். பஸ்ஸுக்கு இருப்பதோ இரண்டு நாள். அண்ணனின் தலை இன்னும் தாழ்ந்தது.

மைக் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கால்கள் எழுந்தன, அவளும் கூட எழுந்தாள்.

"நான் கண்டது ஒண்ணு இருக்கு" என்றாள்.

அந்தக் குரல் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, ஒரு வண்டி வருவதை அறிவிப்பது போல இருந்தது. அறையில் பாதிப் பேர் அதைத் தினமும் நிலையத்தில் கேட்கிறவர்கள்.

"இந்த வாரம் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி. மாடி ஜன்னல்லேருந்து பார்த்தேன். என் அண்ணன் தையல் கடை வாசல்ல நின்னார். கடை திறக்கல. கையில ஒரு காகிதம். அரை மணி நேரம் நின்னார். நடுவுல ரெண்டு தடவை போறதுக்குத் திரும்பினார். போகல. அந்தக் காகிதத்துல என்னன்னு இப்பத்தான் தெரியுது."

அண்ணன் தலை நிமிர்ந்து பார்த்தான்.

"பெரிய கண்ணாடியைச் சுமக்கறப்ப அவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பார். சின்ன வயசுலேருந்து பார்க்கறேன். அஞ்சு மாசமா வீட்டுக்குள்ள அப்படித்தான் நடக்கறார்." துடைத்த போர்டைப் பார்த்தாள். "இதுதான் நான் கண்டது."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொந்தக்காரங்க சாட்சி கணக்குல சேராதும்மா."

"தெரியும். அறிவிப்பு மட்டும்தான்."

உட்கார்ந்தாள். அண்ணன் கைக்குட்டையைத் தேடிக் கிடைக்காமல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். தனக்கும் அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"அப்ப என் முறை வராதா?" என்றது கடைசி வரிசை.

எல்லாரும் திரும்பினார்கள். பூட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"மூணாவதா நான்தான் பேசறதா இருந்தது. எனக்கு யாரும் எழுதித் தரல. நானாத்தான் வந்தேன். இவங்க முறை வரட்டும்னுதான் மூணு கூட்டமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

டாக்டரம்மா பேசுங்கள் என்று கையால் காட்டினார்.

"எல்லாரும் இந்தம்மா குரலைப் பத்திச் சொல்றாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை." அவர் மைக்கைப் பார்த்து நின்றார். "எனக்குப் பக்கத்து ஊர்ல பட்டறை. தினம் காலையில ஆறு நாற்பது வண்டி. எந்தப் பிளாட்பாரம்னு தினம் மாத்துவாங்க. ஸ்பீக்கர்ல சொல்லுவாங்க. எனக்கெங்கே கேட்கும்? ஒருநாள் அறிவிப்பு ரூம் ஜன்னலுக்குக் கீழே நின்னு மேலே பார்த்து, எங்கேன்னு கையாலே கேட்டேன். இந்தம்மா மைக்குல பேசிக்கிட்டே, வாயை நிறுத்தாம, விரலைக் கண்ணாடியில வெச்சுக் காட்டினாங்க. மூணு."

அவர் மூன்று விரலைக் காற்றில் ஒட்டிக் காட்டினார்.

"மறுநாள் நான் கேட்கக்கூட இல்ல. தொப்பியைப் பார்த்ததுமே காட்டினாங்க. ஆறு வருஷம். ஒரு நாள் தப்பல. வண்டி இல்லேன்னா ரெண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி வெப்பாங்க. தாமதம்னா உட்காருன்னு காட்டுவாங்க. அப்புறம் ஒருநாள் மேலே பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால ஆளே இல்ல. அன்னிக்கு நான் தப்பு வண்டி ஏறினேன்."

தொப்பி. தோளில் ஒரு கருவிப் பை. மேலிருந்து பார்த்ததால் அவளுக்கு அந்த முகமே தெரியாது. அறிவிப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக்கிலிருந்து வாயை எடுக்கக் கூடாது, கை சும்மாத்தானே இருந்தது என்று காட்டினாள். அதை வேலை என்றோ வேறெதுவாகவோ அவள் நினைத்ததில்லை. யாரிடமும் சொன்னதில்லை. வேலை போன அன்று எத்தனையோ பேரிடம் விடைபெற்றாள், அந்தத் தொப்பியை மட்டும் மறந்துபோனாள்.

"என்னை மாதிரி இன்னும் நாலு பேர் அங்க நிக்கறாங்க" என்றார் பூட்டுக்காரர். "இன்னும் ஜன்னலையேதான் பார்க்கறாங்க. இதுதான் நான் கண்டது."

டாக்டரம்மா போர்டுக்குப் போய், துடைத்த இடத்தில் மைக்கின் பெயரைத் திரும்ப எழுதினார். மூன்று கோடுகள். ஒன்றின் மேல் மட்டும் ஒரு குறுக்குக்கோடு.

"ஒண்ணு ஆச்சு" என்றார். "இன்னும் ரெண்டு வேணும். நாலு வாரத்துல."

நாற்காலிகளைத் தையல்காரரும் சைக்கிள்காரரும் அண்ணனும்தான் அடுக்கினார்கள். டம்ளரில் தட்டாமலே.

திரும்பும் வழியில் அண்ணன் அவளுக்குப் பின்னால் வந்தான்.

"அண்ணிகிட்ட நான் பேசறேன். அக்காகிட்டயும் நானே..."

"அண்ணா." அவள் நின்றாள். "இனிமே எனக்காக நீ பேசாதே."

அவன் வாயை மூடிக்கொண்டான். முகத்தில் அடி விழுந்தது போலவும் இருந்தது, பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

மருந்துக்கடையில் அண்ணிக்கு மாலை முறை. முகப்பு முழுக்கக் கண்ணாடி, அண்ணன் பொருத்தியதுதான். உள்ளே அவள் காதில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டு, உள்ளிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏறிச்சா?"

அண்ணன் ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் தலையாட்டவில்லை. மைக்கைப் பார்த்தான்.

"பெரியக்கா லைன்ல இருக்காங்க! பஸ்ல தனியா அனுப்ப வேண்டாமாம். நாளைக்குக் காலையில அவங்களே வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். நான் என்ன சொல்லட்டும்?"

தெருவில் லாரி ஒன்று போனது. நிலையத்துப் பக்கமிருந்து காற்றில் அவளுடைய குரல் வந்தது. எந்த வண்டிக்காகவோ வருந்திக்கொண்டிருந்தது.

மைக் கண்ணாடியருகே போனாள். வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, மற்ற நாலு விரல்களையும் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

கண்ணாடி சில்லென்றிருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, ஒன்று சில்லென்றிருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"என்ன நாலு?" அண்ணிக்குப் புரியவில்லை. "நாலு மணியா? நாலு நாளா? வாயைத் திறந்து சொல்லேன்டி!"

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றான். போனுக்குள் பெரியக்கா "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மைக் கையை எடுக்கவில்லை. விரல்களைச் சுற்றிக் கண்ணாடியில் மெல்ல ஆவி படர்ந்தது.

"நாலு வாரம், அண்ணி" என்றாள். "நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லுங்க. வேண்டாம். போனை இங்கே கொடுங்க, நானே சொல்றேன்."